யாரிடமிருந்து மறைக்கணும்?

"யாருகிட்ட இருந்து மறைக்கணும்?"

எந்த வீட்டுக்குப் போனாலும் மேடத்தின் முதல் கேள்வி இதுதான். எவ்வளவு இடம் இருக்கிறது, என்ன மெஷின் வேண்டும், என்ன நிறம் பிடிக்கும் என்பதெல்லாம் அப்புறம். வீட்டுக்காரர் நீட்டிய தண்ணீரை நின்றபடியே குடித்து முடிப்பார். அளவு டேப்பைச் சரேலென்று இழுத்து, சட்டென்று சுருள விடுவார். அந்தச் சத்தத்தோடு கேள்வியும் வந்து விழும். பாதிப் பேருக்கு என்ன கேட்கிறார் என்றே புரியாது. "அப்படியெல்லாம் இல்ல மேடம், ஹால் நீட்டா இருக்கணும், அவ்ளோதான்" என்பார்கள். "ஹாலுக்கு என்னங்க தெரியும்? பாக்கறது ஆளு. எந்த ஆளு?" என்று விடமாட்டார்.

பெங்களூரில் இப்படி ஒரு தொழில் இருப்பதே அவரிடம் வேலைக்குச் சேரும்வரை எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஜிம் அமைத்துக் கொடுப்பார், ஆனால் வருகிறவர் கண்ணில் அது படாது. பார்த்தால் புத்தக அலமாரி, கதவைத் திறந்தால் எடை இழுக்கும் கயிறும் கப்பியும். சுவரில் படம் மாட்டிய பலகை மாதிரி இருக்கும், கீழே இறக்கினால் படுத்துக்கொண்டு எடை தூக்கும் பெஞ்ச். டீப்பாயின் வயிற்றுக்குள் டம்பெல். நான் இதற்கெல்லாம் வரைபடம் போட்டேன், தச்சர்களோடு மல்லுக்கு நின்றேன், மேடத்தை என் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன். சில வருஷங்கள் அப்படிப் போயின. இப்போது அவர் ஆபீஸும் வீடுமாக இருந்த காக்ஸ் டவுனில் இல்லை. தங்கை வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாலும் ஃபோன் போட்டுத் திட்டுவார்.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, ஒல்லி, காட்டன் குர்த்தா, காலில் எப்போதும் கான்வாஸ் ஷூ. ஓரிடத்தில் நிற்க மாட்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட என் தோளைத் தட்டிக்கொண்டே வருவார். "அந்த பில்டிங் பாரு, பால்கனியை மூடிட்டான்." "லாரிக்கு வழி விடும்மா." "ஏன் நிக்கற?" சிக்னலில் நிற்காமல் பறக்கவா முடியும்? வொயிட்ஃபீல்ட் ரோட்டில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிட்டால், பின்னால் பாரம் குறைவது தெரியும். இறங்கி நடக்க ஆரம்பித்திருப்பார். நான் ஊர்ந்து ஊர்ந்து அடுத்த சந்திப்புக்கு வரும்போது, ஏதோ ஒரு கடை வாசலில் வேர்க்கடலை தின்றபடி கடைக்காரருக்கு ஷட்டரை எப்படி மாற்றி வைக்கலாம் என்று கன்னடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து காலையில் சில்க் போர்டு நெரிசலைக் கடந்து வந்து, இவரையும் மேய்த்து, மறுபடி சில்க் போர்டைக் கடந்து வீடு திரும்பும் எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் வேறு வேலை தேட மட்டும் தோன்றவில்லை.

அந்த முதல் கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் அவர் வேலையே நடக்கும். "மாமியாரா? என்ன உயரம்? குனிஞ்சு பெருக்குவாங்களா, ஆள் வெச்சிருக்கீங்களா?" குனிகிற மாமியார் என்றால் கீழே எதுவும் இருக்காது. விருந்தாளி என்றால் சுலபம். அவர்கள் சோபாவில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள், உட்கார்ந்த கண்ணுக்கு மறைத்தால் போதும் என்பார். என்னை சோபாவில் உட்கார வைத்துவிட்டு அறை முழுக்க நடப்பார். "தெரியுதா? இப்ப? இப்ப?" வீட்டு ஓனரிடமிருந்து என்றால் சுவரில் ஓர் ஆணிகூட இல்லாமல் தரையிலிருந்து கூரைவரை முட்டுக் கொடுத்து நிறுத்துவார். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒருவர், வாங்கிப் போட்ட டிரெட்மில்லைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவுணர்ச்சி வருகிறது, அதை என் கண்ணிலிருந்தே மறைத்துவிடுங்கள் என்றார். மேடம் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு நான் ஆள் இல்ல சார். கதவு போடுவேன். கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே."

அந்த ஆளுக்கு முகம் செத்துவிட்டது. கைக்கு வந்த வேலையை இப்படி உதறுகிறாரே என்று நான் வழியெல்லாம் புலம்பினேன். மேடம் என் தோளைத் தட்டி, "ரைட்ல திரும்பு" என்றார். அவ்வளவுதான் பதில்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வேலையை ஒப்புக்கொண்டதும் சொல்வார். "நான் மறைப்பேன். பொய் சொல்ல மாட்டேன். நேரா என்கிட்ட யாராவது இது என்னன்னு கேட்டா, இருக்கறதைச் சொல்லிடுவேன். சம்மதம்னா ஆரம்பிக்கலாம்." எல்லோரும் சிரிப்பார்கள், ஏதோ ஜோக் என்று நினைத்து. கம்மனஹள்ளியில் ஒரு மருமகளும் அப்படித்தான் சிரித்தாள். துணி அலமாரி மாதிரி ஒன்று செய்து அதற்குள் அவளுக்கு ஒரு சைக்கிளைப் பொருத்தியிருந்தோம். வேலை முடிந்து கிளம்பும்போது மாமியார் அலமாரியைக் காட்டி, "இதுக்குள்ள என்னம்மா?" என்று கேட்டார். மேடம் ஷூ லேஸைக் கட்டியபடி, "சைக்கிள்மா. உங்க மருமக ஓட்டறா. முட்டி வலிக்கு நல்லது, நீங்களும் ஓட்டலாம்" என்றார். மருமகள் அதற்குப் பிறகு எங்கள் ஃபோனை எடுக்கவே இல்லை. அந்த வீட்டில் வேலை பார்த்த பெயிண்டர் பிற்பாடு சொன்னார், அந்த சைக்கிள் ஹேண்டிலில் இப்போது மாமியாரின் ஈரத் துண்டு காய்கிறதாம்.

நான் கேட்டேன். "ஒரு வார்த்தை, துணி இருக்குதுன்னு சொன்னா என்ன மேடம்? யாருக்கு நஷ்டம்?"

"மறைச்சது வெளிய வந்தா ஒரு நாள் சங்கடம்மா. பொய் வெளிய வந்தா அப்புறம் எதைச் சொன்னாலும் ஏறாது" என்றார்.

இத்தனைக்கும் அவர் வீட்டில் மறைவென்று எதுவுமே கிடையாது. காக்ஸ் டவுனில் சர்ச்சுக்கு அடுத்த தெருவில், முன்னறையில் ஆபீஸ், பின்னால் வீடு. நாற்காலி முதுகில் துணி, ஜன்னல் விளிம்பில் மாத்திரை, டைனிங் டேபிளில் இஸ்திரிப் பெட்டி. சமையலறை அலமாரிக்குக் கதவே இல்லை. ஊரில் உள்ளவர்களின் இரும்பையெல்லாம் மரத்துக்குள் ஒளித்து வைக்கிற ஆள் இப்படியா வாழ்வார் என்று முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரே ஒரு முறை தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார், அதுவும் நான் கேட்காமலே, பிளைவுட் கடையில் காத்திருந்தபோது. "என்கிட்ட யாரும் பொய் சொல்லலைம்மா. யாரும் ஒண்ணும் சொல்லலை, அவ்ளோதான். நானும் கேக்கலை. ஆறு மாசத்துல திரும்பி வந்துட்டேன்." என்ன சொல்லவில்லை, என்ன கேட்கவில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள், அந்தப் பலகையில் ஈரம் இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார்.

வொயிட்ஃபீல்டில் அந்த வீட்டுக்கு நாங்கள் போனது அதற்குச் சில மாதம் கழித்து.

தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அப்பா ஒரு கம்பெனியில் மேனேஜர், அம்மா வீட்டோடு, ஒரே பெண். பெண் ஐடியில் வேலை. பளு தூக்குவாள். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே போட்டிக்குப் போய்த் தூக்குகிறவள். முன்பு ஒரு ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே யாரோ எடுத்த வீடியோ சொந்தக்காரர்களின் ஃபோன்களில் சுற்றி, "இது உங்க பொண்ணா?" என்று வந்து நின்றது. ஜிம் நின்றது. சாமான்கள் வீட்டுக்கு வந்தன. இப்போது வரன் பார்க்கிறார்கள்.

மேடம் டேப்பைச் சுருள விட்டுக் கேட்டார். "யாருகிட்ட இருந்து மறைக்கணும்?"

"பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இருந்துதான்" என்றார் அம்மா. பதில் அவரிடம் தயாராகவே இருந்தது. "தப்பு ஒண்ணும் இல்ல மேடம். ஆனா கேக்கவே ஒரு மாதிரி இருக்கு இல்லையா, பொண்ணு பாரம் தூக்கறான்னா? கல்யாணம் ஆகி ரெண்டு மாசம் போனா அவளே மெதுவா சொல்லிக்கலாம்."

"நீ என்னம்மா சொல்ற?" என்று மேடம் பெண்ணிடம் கேட்டார்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். குட்டையான பெண், அகன்ற தோள், துப்பட்டாவை அந்தத் தோளை மறைக்கிற மாதிரி இழுத்து விட்டிருந்தாள். "எனக்கு பிராக்டிஸ் நிக்கக் கூடாது, அவ்ளோதான் மேடம்" என்றாள். மேடம் தன் நிபந்தனையைச் சொன்னார். அப்பா வழக்கம்போலச் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நேரா கேட்டா சொல்லிடுவீங்களா? யார் கேட்டாலும்?" என்று திரும்பக் கேட்டாள். "யார் கேட்டாலும்" என்றார் மேடம்.

நாங்கள் செய்த வேலைகளிலேயே அழகானது அதுதான் என்று இப்போதும் சொல்வேன். எடை தாங்கும் இரும்புச் சட்டம் டிவியின் இரு பக்கமும் மரச் சட்டம்போல மடிந்து நின்றது. பெஞ்ச், ஜன்னலோரத் திண்டு ஆனது. வட்டத் தகடுகள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் போயின. தரையில் ரப்பர் மெத்தை, அதன் மேல் கம்பளம். பாக்கி இருந்தது அந்தத் தகடுகளை மாட்டித் தூக்கும் நீளக் கம்பி ஒன்றுதான். ஏழடிக் கம்பியை எந்த அலமாரியில் திணிப்பது? மேடம் அறையை அளந்து அளந்து நடந்தார், பால்கனிக்குப் போனார், வந்தார், திடீரென்று ஜன்னலுக்கு மேலே கை காட்டினார்.

"கர்ட்டன் ராடு!"

நான் கை தட்டியே விட்டேன். இரு முனையிலும் தடித்த உருளை இருப்பதால் பார்க்க அலங்காரக் குமிழ்போலவே இருக்கும். திரை நகர்வதற்குக் கம்பிக்குப் பின்னால் மெல்லியதாக ஒரு டிராக் போட்டுவிடலாம் என்று மேடம் வரையச் சொன்னார். அந்தப் பெண்தான் வேண்டாம் என்றாள். "டிராக் எதுக்கு மேடம்? கம்பியிலயே ரிங் போட்டுடலாம். நானே மாட்டிக்கறேன்." ஒரு சாமான் குறைகிறது என்றால் மேடத்துக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. உடனே சரி என்றுவிட்டார். தாங்கிகளைச் சோதிக்கிற அன்று அவள் கம்பியைத் தர முடியாது, பயிற்சிக்கு வேண்டும் என்றாள். தச்சர் அதே நீளத்துக்கு ஒரு வழவழப்பான குழாயை மாட்டிக் காட்டினார். வளையங்கள் வெண்ணெய் மாதிரி ஓடின. மேடம் இழுத்து இழுத்துப் பார்த்து, "ஆய்து", முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

பெண் பார்க்க வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஏதாவது கதவு தானாகத் திறந்து மானத்தை வாங்கிவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். எங்களையும் வரச் சொல்லிக் கெஞ்சினார். மேடம் சர்ச்சுக்குப் போகாமல், இருப்பதில் நல்ல குர்த்தாவைப் போட்டுக்கொண்டு வந்தார். காலில் அதே கான்வாஸ் ஷூ. "நம்ம வீட்டு இன்டீரியர் பண்ணவங்க, ஃபேமிலி மாதிரி" என்று அப்பா அறிமுகம் செய்தார். மல்லேஸ்வரத்திலிருந்து பையன், அவன் அம்மா, அப்பா, ஒரு சித்தி வந்திருந்தார்கள். நல்ல மனுஷர்களாகத்தான் தெரிந்தார்கள். பையன் சங்கோஜி, கேசரியைப் பார்த்தபடியே சாப்பிட்டான். அவன் அம்மாவை ஜன்னலோரத் திண்டில் உட்கார வைத்தது அந்தப் பெண்தான். அது பெஞ்ச் என்று தெரிந்த நான் அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தேன்.

பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கிழக்கு வெயில் நகர்ந்து அந்த அம்மாளின் முகத்தில் விழுந்தது.

"கண்ணு கூசுதா ஆன்ட்டி? கர்ட்டனை இழுத்துக்கோங்க" என்றாள் பெண்.

அந்த அம்மாள் எட்டி இழுத்தார். வளையம் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். கரகரவென்று அரம் ராவுகிற சத்தம். இன்னும் பலமாக இழுத்ததும் கம்பி தாங்கியிலேயே சுழன்று கணீரென்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பளு தூக்கும் கம்பியில் கை வழுக்காமல் இருக்க மேலெல்லாம் அரம்போலக் கொத்தி வைத்திருப்பார்கள். குழாயில் ஓடிய வளையம் அதில் எப்படி ஓடும்? அம்மாள் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டித் தொட்டும் பார்த்தார்.

"அய்ய, என்ன இவ்ளோ தடிமனா இருக்கு? இரும்பா?" என்றவர் மேடத்தைப் பார்த்துத் திரும்பினார். "நீங்கதானே வேலை பாத்தது? இது என்னங்க?"

நேரான கேள்வி. நான் மேடத்தைப் பார்த்தேன். போச்சு, சொல்லப் போகிறார், இந்தச் சம்பந்தம் இத்தோடு சரி என்று நினைத்தேன். மேடத்தின் கண் சமையலறை வாசலுக்குப் போனது. அங்கே பெண்ணின் அம்மா காபித் தட்டோடு நின்றிருந்தார். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"கர்ட்டன் ராடுதாம்மா" என்றார் மேடம். "இப்ப இதான் ஃபேஷன். புதுசு இல்லையா, ரிங்கு கொஞ்சம் டைட்டா இருக்கு. சரி பண்ணிடறேன்."

"எல்லாத்துலயும் ஃபேஷன்!" என்று அந்த அம்மாள் சிரித்தபடி உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். காபி வந்தது. பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. பயந்திருப்பாள், பாவம், தப்பித்தோம் என்று இப்போதுதான் மூச்சு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் மேடம் என் தோளைத் தட்டவில்லை. மாரத்தஹள்ளிக்கு முன்னால் வண்டிகள் அப்படியே நின்றன, அவர் இறங்கவும் இல்லை. காக்ஸ் டவுன் வந்ததும், "ஞாயித்துக்கிழமை அதுவுமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் அவர் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே. போட்டு முடித்த வரைபடத்தைத் திரும்பத் திரும்ப மாற்றினார். ஒரு கதவின் கீலை இடமிருந்து வலமாக மாற்றி, மறுபடி இடமாக்கி, மறுபடி வலமாக்கினார். சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு தெரு முனைவரை நடந்துவிட்டு வந்து, ஆறிப்போன தட்டைப் பார்த்து, "நான் சாப்பிட்டேனா?" என்று கேட்டார். மல்லேஸ்வரத்திலிருந்து சம்மதம் என்று செய்தி வந்துவிட்டதாக அப்பா ஃபோனில் குதித்தார். "நீங்க குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்க மேடம்!" மேடம் "சந்தோஷம் சார்" என்றார். ஃபோனை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனோம், அங்கே அவர் முதல் கேள்வியைக் கேட்கவே இல்லை. எத்தனை அடி, என்ன கலர் என்று எல்லோரையும்போலக் கேட்டுவிட்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் என்னவோ போல ஆகிவிட்டது. அவருடைய நச்சரிப்பு இல்லாமல் அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு அந்தப் பெண் கூப்பிட்டாள். தாங்கி ஒன்று லூசாக இருக்கிறது, வர முடியுமா என்றாள். போனோம். தாங்கி கிண்ணென்று இருந்தது. அப்பா ஆபீஸில், அம்மா சமையலறையில். அவள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு எங்கள் எதிரே நின்றாள்.

"நேரா கேட்டா சொல்லிடுவேன்னு சொன்னீங்களே மேடம்."

மேடம் தாங்கியில் இருந்த கையை எடுத்தார்.

"கம்பி நடுவுல அரம் மாதிரி இருக்கும். ரிங் நகராது. அது எனக்குத் தெரியும், தினமும் புடிக்கறேன் இல்ல? அதனாலதான் டிராக் வேணாம்னு சொன்னேன். ஆன்ட்டியை அங்க உட்கார வெச்சது, கர்ட்டனை இழுக்கச் சொன்னது, எல்லாம் வேணும்னுதான் பண்ணேன். என் வாயால சொன்னா அம்மா செத்துடுவாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு நம்பினேன். உங்க ஒருத்தரைத்தான் நம்பினேன்."

"அம்மா கையில டம்ளர் ஆடுச்சுடா கண்ணு" என்றார் மேடம். "அதைப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டு வேணாம்னா போகட்டும். தெரிஞ்சுக்கிட்டு சரின்னா ரொம்ப நல்லது. தெரியாம சரின்னுட்டாங்களே, நான் இப்ப என்ன பண்றது? அவர் எனக்கு குட்மார்னிங் அனுப்பறார் மேடம். பாவமா இருக்கு."

மேடம் ஜன்னல்வரை போனார், கதவுவரை வந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். அந்தச் சின்ன ஹாலில் அவர் நடக்க நடக்க எனக்கே தலை சுற்றியது. சட்டென்று நின்று, "பையனோட அம்மா நம்பர் போடு" என்றார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்ததும் மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"வொயிட்ஃபீல்ட் வீட்ல வேலை பாத்தவ பேசறேன்மா. அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, அது கர்ட்டன் ராடு இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். அது வெயிட் தூக்கற கம்பி. இந்தப் பொண்ணுதான் தூக்கறா. போட்டிக்குப் போறா."

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?" என்று கேட்டது மறுமுனைக் குரல். கோபமாகக்கூட இல்லை.

"பயந்துட்டேன்மா."

"அவ சொல்லச் சொன்னாளா?"

"பொய்யை அவ சொல்லச் சொல்லலை. பக்கத்துலதான் இருக்கா, நீங்களே கேளுங்க" என்று ஃபோனை நீட்டினார். பெண் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. அம்மா நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று அவர் முகமே சொன்னது.

"என்ன பண்ணிட்டீங்க மேடம்" என்றார். "கூடி வந்ததை..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா."

"அதான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மா மேலா, மேடம் மேலா, என்றே தெரியவில்லை. மேடம் தலையைக் குனிந்துகொண்டு அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டார்.

மல்லேஸ்வரத்துக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து நாங்கள் ஐடிபிஎல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது மேடத்தின் ஃபோன் அடித்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டார். பஸ் இரைச்சலில் நானும் காதைக் கொடுத்தேன்.

"வேணாம்னுட்டாங்க மேடம்" என்றாள் பெண்.

"என்னாலதான்."

"ஆமா, உங்களாலதான்" என்றாள். "தேங்க்ஸ். அவர் ஃபோன் பண்ணி சாரி சொன்னார். அழுகை வந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ராத்திரி தூங்கிட்டேன் மேடம், இத்தனை நாள் கழிச்சு."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஃபோன் கை மாறும் சத்தம் கேட்டது. வந்தது அம்மாவின் குரல், அழுது அழுது கட்டிப்போயிருந்தது.

"நீங்க இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க மேடம். அவ்ளோதான் சொல்லுவேன்."

"சரிம்மா" என்றார் மேடம்.

ஃபோன் கட்டாகவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அந்தக் கம்பியை எப்படி இறக்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்க. இவ ஸ்டூல் போட்டு ஒத்தையா ஏறி நிக்கறா. வேணாம்டின்னா கேக்க மாட்டேங்கறா. அவ்ளோ உசரத்துல இருந்து இறக்கி இடுப்பு கிடுப்பு புடிச்சுக்கிட்டா?"

அதைப்போலப் பல மடங்கு கனத்தைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்கிறவள் அந்தப் பெண். மேடம் அதைச் சொல்லவில்லை.

"நீங்களும் ஒரு ஸ்டூல் போட்டு அந்தப் பக்கம் ஏறுங்கம்மா. முனையில தடியா இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ ரெண்டு கையும் குடுங்க. அவ சொல்லும்போது மேல தூக்கினா வந்துடும்."

"இருங்க, வைக்காதீங்க" என்றார் அம்மா. ஃபோனை எங்கேயோ வைத்தார். ஸ்டூல் இழுபடும் சத்தம், வளையல் சத்தம், "பாத்தும்மா" என்று பெண்ணின் குரல். பிறகு கணீரென்று இரும்பு. அதற்கு மேலே, அழுகை இன்னும் விடாத அம்மாவின் குரல் கேட்டது.

"அய்யோ, என்ன கனம்டி இது! இதையா நீ தினமும் தூக்கற?"